சினம் தணியாத நிலம்: ஆணவக் கொலைத் தடுப்புச் சட்டமும் மகளின் சொத்துப் பங்கும்

திருத்தணி என்ற பெயருக்குத் தலபுராணம் தரும் பொருள், சினம் தணிந்த இடம் என்பதாகும். சூரனோடு நடந்த பெரும்போரின் சினமும், வள்ளியின் பொருட்டு வேடர்களோடு நடந்த சிறுபோரின் சினமும் இம்மலையில் தணிந்தன என்கிறது அக்கதை. அதன் நடுப்பகுதி நம் கவனத்துக்கு உரியது. தினைப்புனம் காத்த பெண், வீட்டார் அறியாமல் தான் விரும்பியவனோடு புறப்படுகிறாள். தந்தை நம்பிராசனும் உற்றாரும் வில்லும் அம்புமாகத் துரத்துகிறார்கள், மாண்டு வீழ்கிறார்கள், பிறகு உயிர்பெற்று எழுந்து, தாங்களே முன்னின்று மணம் முடித்து வைக்கிறார்கள். குடும்பத்தின் பழிவாங்கும் வெறி திருமணத்தில் முடிந்த கதை இது. 365 படிகள் ஏறி ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வணங்கும் சன்னிதியின் கதையும் இதுவே.

புராணத்தில் மேலே இருப்பவன் கீழிறங்கி வந்து பெண் கொள்கிறான். அந்தத் திசையில் நிகழும் மணத்தைச் சாதிச் சமூகம் ஓரளவு பொறுத்தே வந்திருக்கிறது. திசை மாறி, நிலமுள்ள வீட்டுப் பெண் நிலமற்ற சேரிக்கு மருமகளாகச் செல்லும்போது சினம் தணிவதில்லை. அது கூலிப்படையாகிறது, நஞ்சாகிறது, அரிவாளாகிறது. திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் இதனைக் ‘குடும்ப மானம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகின்றன. தந்தை கண்ணீர் விடுகிறார், அண்ணன் பல்லைக் கடிக்கிறான், பழி தீர்கிறது. அந்த வீட்டின் பட்டா யார் பெயரில் இருக்கிறது, அதில் அந்தப் பெண்ணுக்கு எத்தனை பங்கு என்ற கேள்வியைக் கதை கேட்பதில்லை. சட்டமும் இதுவரை கேட்கவில்லை.

2025 ஜூலை 27 அன்று மென்பொறியாளர் கவின் செல்வகணேஷ் பாளையங்கோட்டையில் கொல்லப்பட்டார். அதன் பிறகு எழுந்த கொந்தளிப்பின் தொடர்ச்சியாக, அதே ஆண்டு அக்டோபரில், ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச்சட்டத்திற்குப் பரிந்துரை வழங்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். தலித் இயக்கங்களும் பெண்கள் அமைப்புகளும் இடதுசாரிகளும் நீண்டகாலமாக எழுப்பிவரும் கோரிக்கைக்கு இது ஒரு படி முன்னேற்றமே. ஆயினும், பாதுகாப்பு இல்லம், தனி நீதிமன்றம், கடும் தண்டனை என்ற மூன்றோடு அச்சட்டம் நின்றுவிடுமானால், கொலையின் ஒரு வேரை அது தொடாமலே விட்டுவிடும். அந்த வேர் வாரிசுரிமை. எந்த அரசு இச்சட்டத்தை இயற்றினாலும் அதில் சொத்துரிமைக்கு ஓர் அத்தியாயம் இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் முன்வைக்கும் வாதம்.

மூன்று வழக்குகள், ஒரே அமைப்பு

முதல் வழக்கு புதுக்கூரைப்பேட்டை. விருத்தாசலத்தை அடுத்த அந்த ஊரில் தலித் பொறியியல் பட்டதாரி முருகேசனும், ஊராட்சித் தலைவரின் மகளான வன்னியர் சமூகத்துக் கண்ணகியும் 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று இருவரும் பிடிக்கப்பட்டு, மூக்கிலும் காதிலும் நஞ்சு ஊற்றிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். உள்ளூர்க் காவல்துறை உண்மையை மறைக்க முயன்றது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. 2021 செப்டம்பர் 24 அன்றுதான் கடலூர் நீதிமன்றம், பெண்ணின் தந்தையும் சகோதரரும் காவல்துறையினர் இருவரும் உள்ளிட்ட 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, முருகேசனின் குடும்பத்தாருக்கு 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. இடையில் ஏறத்தாழ 22 ஆண்டுகள் கடந்துவிட்டன.

இரண்டாவது வழக்கு உடுமலைப்பேட்டை. பொறியியல் மாணவர் சங்கரும் கௌசல்யாவும் 2015 ஜூலையில் மணந்தார்கள். 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே, இருவரும் வெட்டப்பட்டார்கள், சங்கர் இறந்தார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் பெண்ணின் தந்தை உள்ளிட்ட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சதிக் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்று தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. வெட்டியவர்கள் சிறையில் இருக்க, வெட்டச் சொன்னவர் யார் என்ற கேள்வி விடையின்றி நிற்கிறது.

மூன்றாவது வழக்கு எல்லைக்கு அப்பால், தெலங்கானாவின் மிரியாலகுடா. 2018 செப்டம்பர் 14 அன்று, கருவுற்றிருந்த மனைவியை மருத்துவமனையில் காட்டிவிட்டு வெளியே வந்த தலித் இளைஞர் பிரணய் வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்ணின் தந்தை செல்வந்தர். மனைத் தொழில் செய்தவர். கொலைக்குப் பேசப்பட்ட தொகை ஒரு கோடி ரூபாய் என்று காவல்துறை கூறியது. விசாரணை முடியும் முன்பே, 2020 மார்ச்சில், அத்தந்தை தற்கொலை செய்துகொண்டார். 2025 மார்ச் 10 அன்று நல்கொண்டா நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்கும் ஆறு பேருக்கு ஆயுளும் விதித்தது.

இந்த மூன்றிலும் கொலைக்குக் காரணம் சொத்துதான் என்று எந்த நீதிமன்றமும் கூறவில்லை. நாமும் அவ்வாறு கூறவில்லை. நாம் சுட்டுவது வேறு. மூன்றிலும் ஆண் கல்வியால் மேலெழுந்த, நிலப் பின்புலம் இல்லாத வீட்டைச் சேர்ந்தவர். மூன்றிலும் பெண், ஊரில் அதிகாரமோ பணமோ உடைய வீட்டின் சட்டபூர்வ வாரிசு. முருகேசனும் சங்கரும் பிரணயும் அந்த வீடுகளிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணையும் கேட்டதில்லை. ஆனால் அவர்கள் கேட்காவிட்டாலும், சட்டம் அந்தப் பெண்ணுக்கு ஒரு பங்கை எழுதி வைத்திருந்தது. அவளுக்குப் பிறக்கும் குழந்தை அப்பங்கின் வாரிசாகும். சாதி இந்துக் குடும்பத்தின் நிலம், விலையோ போராட்டமோ இன்றி, சேரியில் பிறந்த ஒரு குழந்தையின் பெயருக்கு மாறக்கூடிய வழி இது ஒன்றுதான்.

பங்காளி என்னும் சொல்

நம் மொழியே இதனை வெளிப்படையாகச் சொல்லிவைத்திருக்கிறது. தந்தைவழி ஆண் உறவுகளைப் ‘பங்காளிகள்’ என்கிறோம். சொத்தில் பங்குடையவர்கள் என்பதே அதன் பொருள். அக்காள் மகளை மணப்பதற்கும் மாமன் மகனுக்கே பெண்ணைக் கொடுப்பதற்கும் ஊர்களில் சொல்லப்படும் நியாயம், ‘சொத்து வெளியே போகக் கூடாது’ என்பதுதான். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர் வட்டாரங்களில் இருமொழியாளரிடமும் இவ்வழக்கம் ஒன்றுபோலவே இருந்து வந்திருக்கிறது. அகமணம் என்பதே சாதியின் இயங்குமுறை என்று அம்பேத்கர் 1916-ஆம் ஆண்டிலேயே நிறுவினார். அந்த அகமணம் வேலியாக நின்று காப்பது குருதியை மட்டுமன்று, காணியையும்தான்.

பெண்ணுக்குச் சொத்தில் பங்கில்லாத காலத்தில் அவள் கொண்டு சென்றவை நகையும் சீரும் மட்டுமே. அவள் ஓடிப்போனால் ‘தலை முழுகிவிட்டோம்’ என்று சொல்லி முடித்துக்கொள்ள முடிந்தது. சட்டம் மாறியபோது நிலை மாறியது. இந்த மாற்றத்தின் வரலாறு திருத்தணி மண்ணில் ஒரு விசித்திரமான வடிவில் நிகழ்ந்திருக்கிறது.

1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தாலும், அதன் பின் இயற்றப்பட்ட 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தாலும் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பின்னாளில் ஆந்திர அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. மணமாகாத மகளும் மகனைப் போலவே பிறப்பால் கூட்டுக் குடும்பச் சொத்தின் பங்குரிமையாளர் என்றது அது. 1985 செப்டம்பர் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அதே திருத்தத்தை 1989 மார்ச் 25 முதல் நடைமுறைப்படுத்தியது. ஆக, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், நகரியில் இருந்த மகளுக்குப் பூர்விகச் சொத்தில் பங்கு உண்டு. சில மைல் தெற்கே திருத்தணியில் இருந்த மகளுக்கு இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்ததிலிருந்து கணக்கிட்டால், அத்தீர்மானம் சட்டமாகச் சரியாக 60 ஆண்டுகள் ஆயின.

2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம், மணமான மகள், மணமாகாத மகள் என்ற வேறுபாட்டை நீக்கியது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று ஐயத்தைத் தீர்த்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினை போன்ற சில விலக்குகளைத் தவிர, இன்று மகள் முழுப் பங்காளி.

இதனைக் கண்ணகியின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கலாம். 1989-இல் அவர் சிறுமி. அவர் வீட்டில் பிரிக்கப்படாத பூர்விகச் சொத்து இருந்திருந்தால், 2003-இல் அவர் தம் சகோதரருக்கு நிகரான உரிமையாளர். அத்தகைய ஒரு மகள் கொல்லப்படும்போது, ஒரு பங்கும் சேர்ந்தே அழிக்கப்படுகிறது.

பங்கு பறிபோகும் நான்கு வழிகள்

எல்லாக் குடும்பங்களும் கொலைக்குச் செல்வதில்லை. பெரும்பாலானவை அதற்கு முன்பே, சட்டத்தின் துணையோடு, தம் நோக்கத்தை நிறைவேற்றிக்கொள்கின்றன. வழக்கறிஞர்களாகிய நாங்கள் மீண்டும் மீண்டும் காண்பது இதைத்தான்.

முதலாவது, காவல் நிலையத்தில் எழுதி வாங்கும் கடிதம். பாதுகாப்புக் கேட்டுத் தஞ்சமடையும் இணையரை எதிரெதிர் நாற்காலிகளில் அமர்த்திப் ‘பேசி முடிக்கிறார்கள்’. பெண் வயதுவந்தவள், விருப்பப்படி செல்லலாம் என்று முடிவாகும்போது, குடும்பத்தார் இரண்டு நிபந்தனைகளை வைக்கிறார்கள். போட்டிருக்கும் நகையைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். குடும்பச் சொத்தில் எந்தக் காலத்திலும் பங்கு கேட்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். உயிர் பிழைத்தால் போதும் என்ற நிலையில் இருபது வயதுப் பெண் அதில் கையெழுத்திடுகிறாள். பெற்ற பாசத்தை மானத்தின் பெயரால் அறுக்கும் அதே நேரத்தில், பங்கை மட்டும் மறக்காமல் எழுதி வாங்கும் இந்தக் கவனம் எதைக் காட்டுகிறது? மானத்துக்கும் மனைக்கும் உள்ள உறவு இந்த வெள்ளைத்தாளில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

மாணவர்கள் இதனை நினைவில் கொள்ள வேண்டும்: அந்தக் கடிதம் சட்டத்தின் முன் செல்லாது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஆவணம் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி பதிவு செய்யப்பட வேண்டும். வருங்காலத்தில் வாரிசாக அடையக்கூடிய வெறும் வாய்ப்பை முன்கூட்டியே மாற்றிக்கொடுக்கவும் இயலாது என்கிறது சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. சொத்துத் தகராற்றில் காவல் நிலையம் தீர்ப்பளிக்கும் இடமும் அன்று.

இரண்டாவது, பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம். முன்னதைவிட இது ஆபத்தானது. சில மாதங்கள் கழித்து, ‘அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை’ என்ற அழைப்பு வருகிறது. உறவு ஒட்டிக்கொள்ளும் என்ற ஏக்கத்தில் பெண் செல்கிறாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்தும் கைவிரல் ரேகையும் பெறப்படுகின்றன. மிரட்டிப் பெற்ற பத்திரத்தை நீக்கக் கோரலாம். ஆனால் மூன்றாண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தை அணுக வேண்டும். கைக்குழந்தையோடு வாடகை வீடு மாறிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அந்த மூன்றாண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடுகிறது.

மூன்றாவது, உயில். பூர்விகச் சொத்தில் மகளுக்குரிய பங்கைத் தந்தை உயிலால் பறிக்க முடியாது. தாமே சம்பாதித்ததை அவர் யாருக்கும் எழுதலாம். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முன் வந்த கேரள வழக்கு ஒன்றில், சமூகத்திற்கு வெளியே மணம்செய்த மகளை விலக்கி, மற்றப் பிள்ளைகளுக்கு மட்டும் தந்தை எழுதியிருந்த உயில் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. உயில் எழுதுபவரின் விருப்பத்தை நீதிமன்றம் மாற்றி எழுத முடியாது என்பது சட்டத்தின் வழக்கமான நிலைப்பாடு. ஆனால் சாதிமறுப்பு மணத்தைத் தண்டிக்கும் கருவியாக உயில் பயன்படும்போது, அரசமைப்பு இதற்குத் துணைநிற்கலாமா என்ற கேள்வியைச் சட்டமன்றங்கள் எதிர்கொண்டே ஆக வேண்டும்.

நான்காவது, மரணம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். பெற்றோரிடமிருந்து வாரிசாக அடைந்த சொத்தை உடைய பெண், குழந்தையின்றி, உயில் எழுதாமல் இறந்தால், அச்சொத்து அவள் கணவனுக்குச் செல்லாது. அவள் தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும். சொத்து வந்த இடத்திற்கே திரும்ப வேண்டும் என்பதுதான் இப்பிரிவின் நோக்கம் என்று 2022-இல் அருணாச்சல கவுண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆணவக் கொலையின் பின்னணியில் இதைப் படித்தால் நடுக்கம் ஏற்படுகிறது. குழந்தை பிறக்கும் முன் அவள் இறந்துவிட்டால், சொத்து வெளியே போகாது. ஊர் வாயில் வழங்கும் நியாயத்தைச் சட்டப் புத்தகம் பிரிவு எண்ணோடு உறுதிசெய்கிறது.

கொலைகாரன் வாரிசாக முடியாது என்று 25-ஆம் பிரிவு கூறுகிறதே என்று கேட்கலாம். கூறுகிறது. தந்தையைக் கொன்ற மகனுக்கும், அவன் வழியாக உரிமை கோரிய அவன் மனைவிக்கும் சொத்தில்லை என்று தமிழ்நாட்டு வழக்கான வெள்ளிக்கண்ணு வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அப்பிரிவு, கொல்லப்பட்டவரின் சொத்தையோ, எந்த வாரிசுரிமையை விரைவுபடுத்தக் கொலை நடந்ததோ அச்சொத்தையோ மட்டுமே தொடும். கொல்லப்பட்ட தலித் மருமகனிடம் கொலைகாரர்கள் அடைய வேண்டிய சொத்து எதுவும் இல்லை. அவர்களுடைய ஆதாயம், தம் வீட்டுச் சொத்து தம் வீட்டிலேயே தங்குவது. அதனை 25-ஆம் பிரிவு எட்டாது. மகளே கொல்லப்பட்டாலும், கொன்றதாகவோ தூண்டியதாகவோ நிறுவப்பட்டவர் மட்டுமே விலக்கப்படுவார். பார்த்துக்கொண்டு நின்ற மற்றச் சகோதரர்களுக்குத் தடையில்லை. குற்றவியல் தீர்ப்பு வர 18 ஆண்டுகளாகும் நாட்டில், அதற்குள் நிலம் மனையாகி, மனை வீடாகி, நான்கு கை மாறியிருக்கும்.

மறுபக்கத்து வீட்டின் வாரிசுரிமை

மகளின் வீட்டுச் சொத்தை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் சொன்னதாகும். மருமகனின் வீட்டில் ஏன் பட்டா இல்லை என்பது மறுபாதி.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அனுப்பிய அறிக்கையின் விளைவாக, 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது அதனையே. முதல் பத்தாண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அதாவது, தலைமுறை தலைமுறையாகத் தலித் குடும்பங்களிலேயே தங்க வேண்டிய வாரிசுச் சொத்து அது. அந்த நிபந்தனையை மீறி அந்நிலங்கள் கைமாறின. மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் பலியானார்கள். ஒரு பக்கம், தன் நிலம் சாதிக்கு வெளியே போகாமல் காக்க ஆதிக்கச் சாதி கொலை வரை செல்கிறது. மறுபக்கம், சாதிக்கு வெளியே போகவே கூடாது என்று அரசே எழுதிவைத்த தலித்துகளின் நிலத்தை அது தயக்கமின்றி எடுத்துக்கொண்டது. இந்த இரண்டு செயல்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் ‘குடும்ப மானம்’ என்னும் சொல்லுக்குள் இருக்கும் வர்க்க நலன் புலப்படும்.

கொலைக்குப் பின்னும் சட்டம் மறுபக்கத்து வீட்டுக்கு ஒரு வாரிசுரிமையை எழுதிவைத்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, கொல்லப்பட்டவரின் மனைவிக்கோ பிற சார்ந்தோருக்கோ நிவாரணத் தொகையோடு மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியமும் அகவிலைப்படியும், குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும், விவசாய நிலமும் வீடும், குழந்தைகளின் பட்டப்படிப்பு வரையிலான கல்விச் செலவும் மூன்று மாதத்திற்குள் வழங்கப்பட வேண்டும். தேவைப்பட்டால் நிலத்தை விலைக்கு வாங்கியே தர வேண்டும் என்கிறது விதி. நிவாரணத் தொகைக்கான காசோலையை ஆட்சியர் கையளிக்கும் படம் நாளிதழில் வருகிறது. நிலம் என்ற சொல்லை வலியுறுத்திக் கேட்காதவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

நிலமே இல்லாத ஏழை இடைநிலைச் சாதிக் குடும்பங்களும் கொல்கின்றனவே, மாதச் சம்பளக்காரர் வீடுகளிலும் இது நடக்கிறதே என்று தோழர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. சொத்து ஒன்றே காரணம் என்று சொன்னால் சாதியை வர்க்கத்துக்குள் கரைத்துவிட்டவர்களாவோம். நிலமற்ற ஆதிக்கச் சாதியானுக்கு அவன் சாதியே மூதாதையர் விட்டுச் சென்ற சொத்து. ஊர்த் தெருவில் நடக்கும் உரிமை, கோயில் திருவிழாவில் முதல் மரியாதை, காவல் நிலையத்தில் அமரக் கிடைக்கும் நாற்காலி, கடன் வாங்க ஒரு பங்காளி ஆகிய அனைத்தும் அந்தச் சொத்தின் வருமானம். மகளின் மணத்தால் அவ்வருமானம் நின்றுவிடும் என்ற அச்சம், அரை ஏக்கர் போய்விடும் என்ற அச்சத்துக்குக் குறைந்ததன்று. ஆனால் மரியாதை என்னும் சொத்தைச் சட்டத்தால் பறிமுதல் செய்ய முடியாது. பட்டா நிலத்தை முடியும். கைக்கு எட்டுவதிலிருந்து தொடங்குவதே சட்டத்தின் வழி.

இந்த இணைப்பை முதலில் கண்டவர்கள் நாமல்லர். சாதியிலிருந்து விலக்கப்பட்டதால் ஒருவர் வாரிசுரிமையை இழக்கமாட்டார் என்று 1850-ஆம் ஆண்டின் 21-ஆவது சட்டம் கூறியது. அதனை எதிர்த்துச் சாதி இந்துக்கள் மனு மேல் மனு அனுப்பினார்கள். சாதிக் கட்டுப்பாட்டை மீறியவனின் சொத்தைப் பறிக்க முடியாவிட்டால் சாதி எப்படி நிலைக்கும் என்பதே அவர்களின் கவலை. நூறாண்டுக்குப் பிறகு அம்பேத்கர் முன்னெடுத்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா, மணத்துக்குச் சாதி தடையில்லை என்பதையும் மகளுக்குச் சொத்தில் பங்கு என்பதையும் ஒரே ஆவணத்தில் வைத்தது. மசோதா முடக்கப்பட்டதையும் ஒரு காரணமாகக் கூறி, 1951-இல் அவர் அமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர் மசோதா துண்டு துண்டாக்கப்பட்டு, திருமணச் சட்டம் தனியாகவும் வாரிசுரிமைச் சட்டம் தனியாகவும் வந்தன. அம்பேத்கர் ஒன்றாக வைத்ததை நாம் இரண்டாகப் படித்துப் பழகிவிட்டோம்.

சட்டத்தில் இடம்பெற வேண்டியவை

சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய வழிகாட்டுதல்கள் இணையரின் உயிர்ப் பாதுகாப்பை மையமாகக் கொண்டவை. 2012-இல் சட்ட ஆணையம் அளித்த 242-ஆவது அறிக்கை, மணத்தில் தலையிடும் கூட்டங்களைத் தடுப்பது பற்றியது. இரண்டும் தேவை. அவற்றோடு, கீழ்க்காணும் ஐந்தும் தமிழ்நாட்டுச் சட்டத்தில் இடம்பெற வேண்டும் என்று கோருகிறோம்.

ஒன்று: சாதிமறுப்பு மணம் நடந்து ஐந்தாண்டுக்குள் பெண்ணிடமிருந்து குடும்பத்தார் பெறும் எந்த விடுதலைப் பத்திரமும், நீதித்துறை நடுவர் முன் தனியாக விசாரிக்கப்பட்டு விருப்பம் உறுதிசெய்யப்பட்டாலன்றிச் செல்லாது. காவல் நிலையத்தில் சொத்துரிமைக் கடிதம் எழுதி வாங்கும் அலுவலர் மீது துறை நடவடிக்கை வேண்டும்.

இரண்டு: 25-ஆம் பிரிவுக்கு மாநிலத் திருத்தம். மகளின் துணைவரைக் கொன்றவரும் தூண்டியவரும் குடும்பச் சொத்தில் தமக்குரிய பங்கை இழக்க வேண்டும். அப்பங்கு உயிர் பிழைத்த துணைக்கும் குழந்தைக்கும் சேர வேண்டும்.

மூன்று: 15(2) பிரிவுக்கு மாநிலத் திருத்தம். சாதிமறுப்பு மணம் செய்த பெண் இயற்கைக்கு மாறாக இறந்தால், அவள் சொத்து பிறந்த வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

நான்கு: குற்றப்பத்திரிகை தாக்கலாகும் நாளிலேயே, குற்றம் சாட்டப்பட்ட குடும்பத்தாரின் அசையாச் சொத்தில் மகளுக்குரிய பங்கை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாதபடி சிறப்பு நீதிமன்றம் தடையாணை பிறப்பித்து, அதனை வில்லங்கச் சான்றில் ஏறச் செய்ய வேண்டும்.

ஐந்து: வன்கொடுமை நிவாரண விதியில் உள்ள நிலமும் வீடும், காசோலைக்குப் பின் மறக்கப்படாமல், மூன்று மாதத்திற்குள் பட்டாவோடு வழங்கப்பட வேண்டும்.

மாநிலத்துக்கு இந்த அதிகாரம் உண்டா என்ற ஐயம் வேண்டியதில்லை. திருமணமும் வாரிசுரிமையும் உயிலும் பொதுப்பட்டியலின் 5-ஆம் இனத்தில் உள்ளன. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலம் திருத்தம் செய்யலாம். 1989-இல் மகளுக்குப் பங்கு கொடுத்த தமிழ்நாடு அந்த வழியைத்தான் பயன்படுத்தியது. கொடுத்த பங்கைக் காக்கும் கடமையும் அதே வழியில் நிறைவேறலாம்.

சட்டம் வரும்வரை

சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியவை உண்டு. சாதிமறுப்பு மணம் செய்யும் தோழர்களுக்குத் துணைநிற்கும் அமைப்புகள், திருமணப் பதிவோடு தம் பணி முடிந்ததாகக் கருதலாகாது. 2023 ஆகஸ்ட் 28 அன்று இளவரசன் வழக்கில், சுயமரியாதைத் திருமணத்தை ஊரறிய நடத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறிய பிறகு, பாதுகாப்பாக மணம் முடிப்பது எளிதாகியிருக்கிறது. அதே நாளில் இன்னொரு தாளும் எழுதப்பட வேண்டும்: பெண்ணின் உயில். இருபத்திரண்டு வயதில் உயிலா என்று சிரிக்க வேண்டாம். குழந்தையின்றி அவள் இறந்தால் சொத்து பிறந்த வீட்டுக்கே திரும்பும் என்ற பிரிவை, இரண்டு சாட்சிகளின் கையொப்பமுள்ள ஒரு தாள் செயலிழக்கச் செய்கிறது. அவள் இறப்பால் யாருக்கும் ஒரு சென்ட் நிலம்கூடக் கிடைக்காது என்று குடும்பத்துக்குத் தெரிவது, சில வேளைகளில் காவலர் துணையைவிட வலிய பாதுகாப்பாகும்.

எந்தத் தாளிலும் தனியாகச் சென்று கையெழுத்திட வேண்டாம். வீட்டின் சர்வே எண்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்று யார் வேண்டுமானாலும் பெறக்கூடிய ஆவணம். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டதால் உரிமை போயிற்று என்று நம்பியிருக்கும் பெண்கள் நம் ஊர்களில் உண்டு. அவர்களைத் தேடிச் சென்று, போகவில்லை என்று சொல்லுங்கள்.

பங்கு கேட்பதைப் பேராசை என்று பழிப்பார்கள். காதலுக்காகப் போனவள் காசுக்காகத் திரும்பினாள் என்பார்கள். அந்தப் பழிச்சொல்லுக்கு அஞ்சி நம்மவர்களே ‘எங்களுக்கு உங்கள் சொத்து எதுவும் வேண்டாம்’ என்று பெருந்தன்மையோடு சொல்லிவிடுகிறார்கள். அது அவர்கள் சொத்தன்று, மகளின் சொத்து. சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையின் இருபுறமும் விளைநிலங்கள் மனைகளாகி விலையேறி வரும் திருத்தணி வட்டாரத்தில், ஒரு மகளின் அரைக் காணிக்குள் சேரியில் பிறந்த ஒரு குழந்தையின் படிப்பும் வீடும் அடங்கியிருக்கின்றன. அதனைக் கேட்டுப் பெறுவதும் சாதி ஒழிப்புப் போராட்டத்தின் ஒரு பகுதியே.